உலைக்கு இரை போடும் வேலை

(ஹட்டனில் தொழில்நுட்பம் பயிலும் மாணவர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான ஆசிரியர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

உருக்கு ஆலையைப் பற்றி இந்த மலையில் வந்து பேசுகிறாரே என்று யாராவது நினைத்தால், பலாங்கொடைப் பக்கம் சமனலவெவவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மத்திய மலைநாடு தெற்கே சரிந்து இறங்குகிற இடம் அது. அங்கே மேற்கு பார்த்த சரிவுகளில், 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்தன. அகழ்ந்து ஆராய்ந்தவர் கில் ஜூலெஃப் என்ற தொல்லியல் அறிஞர். அந்த உலைகளுக்குத் தென்மேற்குப் பருவக்காற்றுதான் துருத்தி. 1994இல் அதே மாதிரி உலையைக் கட்டிச் சோதித்தபோது, காற்றை மட்டும் வைத்தே காபன் கூடிய உருக்குக் கிடைத்தது. 1996இல் நேச்சர் இதழில் அதை வெளியிட்டார். 9ஆம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் அல் கிந்தி, வாள்களைப் பற்றி எழுதும்போது சரந்தீப்பின், அதாவது நம் இலங்கையின், உருக்கைக் குறிப்பிட்டிருக்கிறார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லாரும் காற்றைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு அந்த உலையின் தலைமாட்டில் நின்ற ஆளைப் பற்றிப் பேச வேண்டும். கரியும் தாதுவும் மாறி மாறிக் கொட்டியவர் அவர். எவ்வளவு கரிக்கு எவ்வளவு தாது, எப்போது அடுத்ததைப் போடுவது என்பதெல்லாம் அவர் கணக்கு. அந்தக் கணக்குத் தப்பினால் மலைக்காற்று எவ்வளவு வீசியும் பயனில்லை. இன்றைய ஆலையில் அந்த ஆளின் இடத்தில் பெரிய பெரிய இயந்திரங்கள் நிற்கின்றன.

முதலில் ஊதுலை, தாதுவை இரும்பாக்குகிற உயரமான பெரிய உலை. நம் நாட்டில் ஊதுலை கிடையாது, ஆனாலும் இதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். ஒரு தொன் இரும்புக்கு ஏறக்குறைய 1.6 தொன் தாதும், அதோடு நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கோக் கரியும் வேண்டும். நாளைக்கு 10,000 தொன் இரும்பு தருகிற பெரிய உலைக்குள் அன்றாடம் 20,000 தொன்னுக்கு மேல் சரக்கு இறங்க வேண்டும். கொன்வேயர் பெல்ட்டிலோ, சாய்ந்த தண்டவாளத்தில் ஏறும் ஸ்கிப் வண்டியிலோ அது உச்சிக்குப் போகிறது. அப்புறம்தான் சிக்கலே.

கீழேயிருந்து சூடான காற்றை ஊதுகிறார்கள். அதில் உண்டாகும் வாயு, சரக்கின் இடுக்குகள் வழியாக மேலே ஏறித் தாதுவைச் சூடாக்கி இரும்பாக்க வேண்டும். தேயிலை ஸ்டோரில் காற்றை ஊதிக் கொழுந்து வாட்டுகிற நீளத் தொட்டியை, ட்ரஃபை, நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கொழுந்தை ஒரு பக்கம் குவித்து, ஒரு பக்கம் மெல்லிசாகப் பரப்பினால் காற்று மெல்லிய இடத்திலேயே பிய்த்துக்கொண்டு போகும். குவிந்த இடம் வாடாது. ஊதுலையிலும் அதேதான் நடக்கிறது. ஓரத்தில் கோக் அதிகமானால் வாயு சுவரை ஒட்டி ஓடும், சுவர் தேயும், நடுவில் தாது சரியாக உருகாது. ஆகவே எதைப் போடுகிறோம் என்பதைப் போலவே எங்கே விழுகிறது என்பதும் முக்கியம்.

இன்னொன்று, அந்த வாயுவில் காற்பங்கு வரை காபன் மொனொக்சைட்டு. மணமில்லை, நிறமில்லை, ஆளைக் கொல்லும். 19ஆம் நூற்றாண்டில் திறந்த வாயுள்ள உலையின் உச்சிக்கு மனிதர்களே தள்ளுவண்டியில் சரக்கைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அந்த வாயுவுக்கும் வெப்பத்துக்கும் முன்னால் நின்று செய்த வேலை அது. 1850இல் வேல்ஸ் நாட்டு எப்பு வேல் ஆலையில் ஜோர்ஜ் பாரி, கிண்ணமும் கூம்பும் கொண்ட மூடியைப் பொருத்தினார். பிறகு மணி வடிவ மூடிகள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார்கள். மேலது திறக்கும்போது கீழது மூடியிருக்கும். கீழது திறக்கும்போது மேலது மூடியிருக்கும். வாயு வெளியே தப்பாது, சரக்கு மட்டும் உள்ளே இறங்கும். ஆனால் அந்தக் கனத்த மணிகள் தேயும். சரக்கும் ஒரு வளையமாகவே விழும், நினைத்த இடத்தில் விழாது.

1972இல் லக்சம்பேர்க்கின் போல் வூர்த் நிறுவனத்தின் மணியில்லா அமைப்பு ஜேர்மனியில் தைசன் நிறுவனத்தின் ஓர் உலையில் முதலில் இயங்கியது. சரக்கு தங்கும் ஹொப்பர் தொட்டிக்கு மேலும் கீழும் இறுக்கமாக அடைக்கும் வால்வுகள். கீழே சுழலுகிற ஒரு சரிவுத் தகடு. அதன் கோணத்தை மாற்றலாம். நடுவில் வேண்டுமா, ஓரத்தில் வேண்டுமா, சுற்றுச் சுற்றாக வேண்டுமா, கேட்ட இடத்தில் சரக்கைப் போடுகிறது. அந்த வெப்பத்தில் அதன் கியர்பெட்டியைக் குளிர்வித்து, தூசி போகாமல் காத்துச் சுழல வைப்பது பெரிய சாதனை என்பது என் கருத்து.

சரி, நம் பிள்ளைகள் நேரே சந்திக்கப்போவது மின்வில் உலையை, அல்லது அதைப் போல பழைய இரும்பை உருக்கும் வேறு மின் உலையை. மின்வில் உலையில், மேலிருந்து இறங்கும் மின்முனைகளுக்கும் இரும்புக்கும் இடையே பாயும் மின்பொறிதான் வில், அந்த வெப்பத்தில்தான் இரும்பு உருகும். அதன் கூரையை ஒதுக்கிவிட்டு, கிரேனில் தொங்கும் பெரிய வாளியை மேலே கொண்டுவந்து அடியைத் திறப்பார்கள். இரும்பு மொத்தமாக விழும். வாளியை நிரப்புவதில் ஒரு முறை இருக்கிறது. அடியில் மெல்லிய சீவல், அப்போதுதான் கனமான துண்டுகள் உலையின் அடித்தளத்தை உடைக்காது. நடுவில் கனமானவை. மேலே திரும்பவும் மெல்லியவை, அப்போதுதான் மின்முனைகள் துளைத்து இறங்கும், வில்லின் வெப்பம் கூரையைத் தாக்காது. கனத்த கட்டி மேலே கிடந்து சரிந்தால் மின்முனை முறியும். ஒரு தடவை உருக்க இப்படி இரண்டு மூன்று வாளி. ஒவ்வொரு தடவையும் கூரை திறக்க, வெப்பமும் புகையும் வெளியே போகின்றன. இதைத் தவிர்க்கத்தான் கொன்வேயரில் தொடர்ந்து ஊட்டும் கொன்ஸ்டீல் முறை வந்தது. உலையிலிருந்து வரும் சூடான புகை எதிரே ஓடி, உள்ளே போகும் இரும்பைச் சூடாக்குகிறது. கூரையைத் திறக்கும் வேலையே இல்லை.

இந்த வேலையில் தண்ணீரும் ஆளைக் கொல்லும். மழையில் நனைந்த இரும்பு உருகிய உலோகத்தில் விழுந்தால் நீர் நொடியில் ஆவியாகி வெடிக்கும். வாய் மூடிய காஸ் சிலிண்டர், ஷொக் அப்சோர்பர், இரண்டு முனையும் அடைத்த குழாய், எல்லாமே குண்டுதான். பழைய இரும்பைக் குவிக்கும் யார்டில் தரம் பிரிக்கும் கைகள்தான் இதைத் தடுக்கின்றன. அந்தக் கைகளின் வேலைக்கு எடுபிடி வேலை, சுமை வேலை என்று பெயர் வைத்துக் குறைந்த கூலி கொடுப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். செம்பு கலந்த இரும்பைக் கண்டு ஒதுக்குவதும் அவர்கள்தான். உருகிய பிறகு அந்தச் செம்பை எடுக்க நடைமுறையில் வழியே இல்லை. உருட்டும்போது கம்பியில் விரிசல் விழும்.

1998இல் ஸ்பெயினின் லொஸ் பாரியோஸ் ஆலையில், சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் கொண்ட ஒரு மூலம் பழைய இரும்போடு உலைக்குள் போய்விட்டது. அந்தக் கதிரியக்கம் காற்றில் பரவி மற்ற ஐரோப்பிய நாடுகளிலும் அளவிடப்பட்டது. கதிரியக்கத்தைக் கண்டுபிடிக்க வாயிலில் வைத்த கருவி இருந்தும் அது கண்ணில் படாமல் தப்பியது. ஆலையைச் சுத்தம் செய்யப் பெரும் பணம் செலவாயிற்று. இப்போது நல்ல ஆலைகளில் லொறி உள்ளே நுழையும் இடத்தில் ஒரு கருவி, கிரேனில் தூக்கும் இடத்தில் இன்னொரு கருவி, வாளியில் போடுமுன் வேறொன்று என்று அடுத்தடுத்துக் காவல் வைக்கிறார்கள். உங்களில் யாராவது அப்படி ஒரு யார்டில் வேலைக்குச் சேர்ந்தால், முதல் நாளே அந்தக் கருவி எங்கே இருக்கிறது, மணி அடித்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.