பிள்ளைக்குப் போடுற சட்டைய மோந்து பாத்தீங்களா?

[திரையில்: மடிச்சு வெச்ச குட்டிச் சட்டை, நடுவுல வெள்ளை உருண்டை]

வணக்கம் மக்களே! பச்சப்பிள்ளைய அழகா குளிப்பாட்டியாச்சு. மூத்த பிள்ளையோட பழைய சட்டைய அலமாரியிலருந்து எடுக்குறீங்க. நில்லுங்க! ஊபாட் கெகாட், அதான் அந்துருண்டை, வாடை அடிக்குதா? போடாதீங்க.

ஏன்னு சொல்றதுக்கு முன்ன, குளியல சட்டுனு முடிச்சிடுவோம். பிறந்து 24 மணி நேரம் போகட்டும். மேல ஒட்டியிருக்கிற வெள்ளைப் பூச்சத் தேய்க்காதீங்க, அது தோலுக்கு நல்லது. பேசின்ல முதல்ல பச்சத்தண்ணி, அப்புறம்தான் சுடுதண்ணி. 37, 38 டிகிரி. முழங்கைய வெச்சா சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. நாலு விரல் ஆழம், அஞ்சு நிமிஷம் போதும். பிள்ளை உள்ள இருக்கிறப்போ ஹீட்டர் குழாயத் திறக்கவே கூடாது. கழுத்து, அக்குள், தொடை மடிப்பெல்லாம் துண்டால ஒத்தி எடுங்க. கோலாலம்பூர் புழுக்கத்துல ஈரம் நின்னா அங்கதான் புண்ணாகும். பவுடர் வேணாம், மூச்சுல போயிடும். மூக்குல எண்ணெய் விட்டு ஊதுறது? பாட்டி கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல லா, வேணாம்.

[திரையில்: உருண்டை, கிட்டத்துல]

இப்போ நம்ம ஆளு. இதுல பெரும்பாலும் இருக்கிறது நாப்தலீன். உருகாம நேரா ஆவியாகி துணியில ஏறிக்கும். மலேசியாவுல பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்துல ஜி6பிடி பார்ப்பாங்கல்ல? அந்த என்சைம் குறைவா இருக்கிற பிள்ளைங்க, அதிகமா ஆம்பளப் பிள்ளைங்க, இந்த ஆவிய இழுத்தா ரத்தச் சிவப்பணு உடையும். பிலிரூபின்கிற மஞ்சள் நிறமி கூடும். பிஞ்சு ஈரலால அத வேகமா வெளியேத்த முடியாது. மஞ்சள் காமாலை முத்தினா மூளையே பாதிக்கும்.

இதுல என்னைய அசர வெச்சது என்ன தெரியுமா? நாப்தலீன் எண்ணெயில கரையும். எண்ணெய் தேய்ச்ச உடம்புல அந்தச் சட்டையப் போட்டா, தோல் வழியா இன்னும் வேகமா உள்ள இறங்கும்!

சட்டைய விடுங்க, தூளி? பாட்டியோட பழைய சேலைய அலமாரியிலருந்து உருவி அப்படியே கட்டிடுவோம். பிள்ளை மூஞ்சி மணிக்கணக்கா அதுக்குள்ளதான். ஒருமுறை துவைச்சு வெயில்ல போட்டா போயிடும்னு நம்பாதீங்க. வேற துணி எடுங்க. இனிமே உருண்டையே வேணாம், சுத்தமா துவைச்சு மூடி போட்ட டப்பாவுல வைங்க.

மிஸி, அதாவது நர்ஸ், வீட்டுக்கு வர்றப்போ ஜி6பிடி ரிசல்ட் என்னன்னு கேட்டு வெச்சுக்கோங்க. சந்தேகம் இருந்தா கமெண்டுல போடுங்க, பதில் சொல்றேன். ஆனா கண்ணு மஞ்சளா, மூத்திரம் தே-ஓ (பால் கலக்காத தேத்தண்ணி) கலர்ல, பால் குடிக்காம தூங்கிக்கிட்டே இருந்தா கமெண்டு எழுதிக்கிட்டு உக்காராதீங்க. எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டு ஓடுங்க.