உச்சி வேளைப் பயம்

நேயர்களுக்கு வணக்கம்.

உச்சி வேளையில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். இருட்டுக்குப் பயப்படாத பிள்ளை எந்த ஊரிலும் இல்லை. ஆனால் வெயில் தலைக்கு மேல் நின்று காயும்போது, ஒழுங்கையில் ஒரு நாய்கூட இல்லாதபோது, முதுகுத்தண்டில் சில்லென்று ஏறுமே ஒரு பயம், அது வேறு. அந்தப் பயத்தை அச்சொட்டாகப் பிடித்த ஒரு படத்தைப் பற்றியும், அதை என்னோடு சேர்ந்து பார்த்த 19 பேர் சொன்னவற்றைப் பற்றியும் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

படத்தின் பெயர் மல்ஹொலண்ட் டிரைவ். 2001இல் வெளிவந்தது. இயக்கியவர் டேவிட் லிஞ்ச். அவர் 2025 ஜனவரியில் காலமானார். அந்தச் செய்தி வந்த கையோடு, திருகோணமலை உவர்மலையில் ஒரு வீட்டு ஹோலில் வெள்ளை விரிப்பு ஒன்றைச் சுவரில் கட்டி, புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்துப் படத்தைப் போட்டோம். மாரி மழை இன்னும் விட்டபாடில்லை. வந்தவர்களில் கோணேசபுரி வளாகத்து மாணவர்கள் ஆறு பேர், மாவட்டச் செயலகமான கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா, கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரி, திருக்கடலூரிலிருந்து கடற்றொழில் செய்கிற ஒருவர், மற்றவர்கள் அயலட்டை. தமிழில் உபதலைப்பு இல்லை. நான் விரிப்புக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, பேசுவதைத் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன். முப்பது வருஷம் ஆங்கிலம் படிப்பித்தவளுக்கு அது ஒரு சந்தோஷம்.

முதலில் அந்த உச்சி வேளைக் காட்சி. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. இரண்டு ஆண்கள் எதிரெதிரே இருக்கிறார்கள். ஒருவன் சொல்கிறான்: இந்தக் கடையைத்தான் நான் இரண்டு தரம் கனவில் கண்டேன். பகலுமில்லை இரவுமில்லை, அப்படி ஒரு வெளிச்சம். நீ அதோ அந்தக் காசு கட்டும் இடத்தில் நிற்கிறாய். உனக்குப் பயம். நீ பயப்படுவதைக் கண்டு எனக்கு இன்னும் பயம். பிறகுதான் விளங்குகிறது, கடைக்குப் பின்பக்கம் ஒருவன் நிற்கிறான். எல்லாவற்றையும் செய்கிறவன் அவன்தான். சுவருக்குள்ளால் அவன் முகம் எனக்குத் தெரிகிறது. அந்த முகத்தைக் கனவுக்கு வெளியே ஒருநாளும் காணக்கூடாது.

கேட்டவன் என்ன செய்கிறான்? சரி, வா, போய்ப் பார்ப்போம் என்று எழும்புகிறான். காசு கட்டப் போய், கனவில் நின்ற அதே இடத்தில் நிற்கிறான். பிறகு இருவரும் வெளியே வந்து, பளீரென்ற வெயிலில், கடையைச் சுற்றிப் பின்பக்கம் நடக்கிறார்கள். அவ்வளவுதான் காட்சி. சுவர் மூலையிலிருந்து ஒரு முகம் வெளியே வருகிறது. கனவு கண்டவன் அப்படியே சாய்கிறான். பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அதனால் அந்த முகம் எப்படி இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுகிறேன்.

எங்கள் ஹோலில் ஒரு சத்தமும் இல்லை. பின்வரிசையில் ஒரு அம்மா மட்டும், "உச்சி நேரத்தில ஏன் அங்க போனவங்கள்?" என்றார்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடிகையாகும் ஆசையோடு பெட்டி என்ற பெண் ஹொலிவூட்டுக்கு வருகிறாள். வந்த வீட்டில், கார் விபத்தில் நினைவு தவறிப்போன இன்னொரு பெண் ஒளிந்திருக்கிறாள். இருவருமாக அவள் யார் என்று தேடுகிறார்கள், நெருங்குகிறார்கள். பிறகு ஒரு நீலப் பேழை திறபட, எல்லாம் தலைகீழாகிறது. அதே நடிகை இப்போது டயான். தோற்றுப்போனவள். காதலித்த பெண் இவளை விட்டு ஒரு இயக்குநரைக் கலியாணம் முடிக்கப்போகிறாள். பொறுக்கமாட்டாமல் டயான் காசு கொடுத்து ஆளை வைத்து அவளைக் கொல்லச் சொல்கிறாள். முடிந்ததன் அடையாளமாக மேசையில் ஒரு நீலத் திறப்பு, அதாவது சாவி. டயான் தன் உயிரையும் மாய்த்துக்கொள்கிறாள். முதலில் நாங்கள் பார்த்த நீண்ட பகுதி இந்தப் பெண் கண்ட கனவு என்பது பலரும் கொள்ளும் பொருள். லிஞ்ச் அதை ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

2016இல் பிபிசி உலகெங்கும் 177 விமர்சகர்களிடம் கேட்டபோது, இந்த நூற்றாண்டின் படங்களில் இதற்குத்தான் முதலிடம் கிடைத்தது. அதை நான் படம் போட முன்னர் சொல்லியிருக்கக்கூடாது. கச்சேரி ஐயா படம் முடிந்ததும் நேரே அதைத்தான் பிடித்தார்: "பிள்ளை, 177 பேர் சொன்னாலும் எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. நல்லாப் போய்க்கொண்டிருந்த கதை நடுவில அறுந்து போச்சு. பிறகு வேற நூலை எடுத்து முடிஞ்சிருக்கிறாங்கள்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. இந்தப் படம் 1999இல் தொலைக்காட்சித் தொடரொன்றின் முதல் பகுதியாகத்தான் எடுக்கப்பட்டது. எடுக்கச் சொன்ன அமெரிக்கத் தொலைக்காட்சி அதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. பிறகு பிரான்ஸ் நிறுவனமொன்று பணம் போட, லிஞ்ச் புதிய காட்சிகளை எடுத்துச் சேர்த்து முழுப் படமாக்கினார். அந்த முடிச்சை, இதொன்றும் தெரியாமல், வெறும் கண்ணால் கண்டுபிடித்தார் ஐயா. இப்படியான படத்தை விளங்கவில்லை என்று சொல்பவரை ரசனை இல்லாதவர் என்று ஒதுக்கிவிடுகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அவர்கள் எந்த இடத்தில் விளங்கவில்லை என்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். படத்தின் எலும்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

மாணவர்கள் வேறு வழியில் போனார்கள். இந்தப் படத்தின் டிவிடியோடு லிஞ்ச் பத்துத் துப்புகளை அச்சிட்டுக் கொடுத்திருந்தார். சிவப்பு விளக்குக்கூட்டைக் கவனியுங்கள், யார் திறப்புக் கொடுக்கிறார்கள், ஏன், என்று இப்படிப் பத்து. பெடியங்கள் கொப்பியில் எழுதிவைத்து ஒவ்வொன்றாகச் சரி போட்டார்கள். எனக்கு அந்த வழியில் பெரிய பிடிப்பில்லை. ஆனால் ஒரு மாணவி இரண்டு விடயம் கண்டாள், அதற்காக அந்தக் கொப்பி முழுவதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒன்று, படம் தொடங்கும்போது, பெயர் போட முன்னரே, யாரோ மூச்சுவாங்கும் சத்தத்தோடு காமெரா ஒரு தலையணையில் போய் விழுகிறது. "ரீச்சர், அவ படுத்திட்டா. நாங்கதான் கவனிக்கேல்ல" என்றாள்.

மற்றது அந்தச் சாப்பாட்டுக் கடை. பிற்பகுதியில் டயான் கொலைகாரனுக்குக் காசு கொடுப்பது அதே கடையில் வைத்துத்தான். அப்போது பரிமாறுகிற பெண்ணின் நெஞ்சில் குத்தியிருக்கும் பெயர் பெட்டி. கனவில் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அங்கேயிருந்து எடுத்தது. அதே நேரம் காசு கட்டும் இடத்தில் நிற்கிற ஒருவன் தற்செயலாகத் திரும்பி இவளைப் பார்க்கிறான். அவன்தான் கனவில் வந்து, இந்தக் கடைக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது என்று நடுங்கியவன். அவள் செய்ததைப் பார்த்த ஒரே முகம். தன் பயத்தை அவள் அவனிடம் கொடுத்துவிட்டாள்.

இதைக் கேட்டபோது எனக்குப் பாண்டியன் அரசி கோப்பெருந்தேவி ஞாபகம் வந்தாள்.

சிலப்பதிகாரத்தில் கனவுகளுக்குக் குறைவில்லை. கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி தன் கனவைத் தேவந்தியிடம் சொல்கிறாள். கணவனோடு ஒரு பெரிய நகருக்குப் போனதையும், அங்கே தங்கள் மேல் இடுதேள் இட்டதுபோல ஒரு பழி விழுந்ததையும் சொல்கிறாள். தேவந்தி கேட்டு முடித்த உடனே பரிகாரம் சொல்கிறாள்: சோமகுண்டம், சூரியகுண்டத்தில் முழுகு, காமவேளைத் தொழு. கண்ணகியின் பதில் ஒரே சொல்: பீடன்று. அது பெருமையில்லை என்கிறாள். அது வரப்போவதைச் சொல்லும் கனவு. எங்கள் ஆச்சிமாருக்குத் தெரிந்த வகை. விடியப்புறம் கண்ட கனவு பலிக்கும், என்ன நடக்கப்போகுதோ என்று நெஞ்சைப் பிடிப்பார்கள்.

ஆனால் வழக்குரை காதையில் கோப்பெருந்தேவி சொல்லும் கனவு எப்போது வருகிறது? செங்கோலும் குடையும் விழக் கண்டேன், வாயில் மணி நடுங்கக் கேட்டேன், பகலில் மீன் விழக் கண்டேன் என்று அவள் சொல்லும்போது கோவலன் ஏற்கெனவே வெட்டுண்டு கிடக்கிறான். அநியாயம் நடந்து முடிந்த வீட்டுக்குள் வந்த கனவு அது. அரசன் அறியவில்லை, அரசி அறியவில்லை, கனவு அறிந்திருக்கிறது. லிஞ்சின் படம் இந்த இரண்டாவது வகை. அது கேட்பது, என்ன நடந்துபோச்சு என்று. இந்தத் திருமலையில், கலவரமும் போரும் கண்ட 1983ஐயும் 1990ஐயும் 2006ஐயும் கடந்து வந்த வீடுகளில், இரவில் திடுக்கிட்டு எழும்புகிறவர்கள் எல்லாரும் காண்பது இந்தக் கனவைத்தானே?

விடியப்புறக் கனவுக்கு உடல் தருகிற காரணமும் உண்டு. கண்மணி மூடிய இமைக்குள் விரைவாக அசையும் நித்திரைக் கட்டத்தை 1953இல் சிகாகோவில் கண்டறிந்தார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். ஏறக்குறைய 90 நிமிஷத்துக்கு ஒருக்கால் வந்து, விடிய விடிய நீளும். அதனால்தான் விடியப்புறத்துக் கனவு கையில் தங்குகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். படம் வெளிவந்த அதே 2001இல், பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கெட்ட கனவால் வருந்திய 168 பெண்கள் பங்குகொண்ட ஒரு அமெரிக்க ஆய்வு வெளியானது. சிகிச்சை மிக எளிது. கனவை விழித்திருக்கும்போது எடுத்து, விரும்பியபடி மாற்றி, மாற்றிய கதையை நாளாந்தம் மனதில் ஓட்டிப் பழகுவது. அந்தப் பெண்களுக்குக் கனவு குறைந்தது. டயானும் கதையை மாற்றத்தான் பார்க்கிறாள். அவள் கனவில் கொலைகாரன் கைபிசகுகிற ஒரு மொக்கன். சுட வந்தவர்களின் கார் மோதுண்டு காதலி தப்பிவிடுகிறாள். ஆனால் இவள் நித்திரையில் மாற்றுகிறாள், தான் செய்ததைப் பார்க்காமல் இருப்பதற்காக மாற்றுகிறாள். அந்தப் பெண்கள் நடந்ததைத் தெரிந்துகொண்டே மாற்றினார்கள். இதைக் கேட்கிற யாருக்காவது நித்திரையே சித்திரவதையாக இருந்தால் இலங்கையின் 1926 என்ற தேசிய மனநலத் தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் மேல் ஒரு குறையும் வந்தது. பலரும் இருக்கிறார்களே என்று, இரண்டு பெண்களின் நெருக்கத்தைக் காட்டும் இடங்களைத் தாண்டி ஓட்டியிருந்தேன். வளாகத்து மாணவி ஒருத்தி கேட்டாள்: "அவ எவ்வளவு விரும்பினா எண்டதை வெட்டிப்போட்டு, ஏன் இப்படி உடைஞ்சா எண்டு எங்களிட்டக் கேட்டா எப்பிடி ரீச்சர்?" நியாயம். மறுபடி போட்டால் வருகிறவர்களிடம் முதலே சொல்லிவிட்டு முழுதாகப் போடுவேன்.

கிண்ணியாச் சகோதரி கனவைப் பற்றிப் பேச விரும்பவில்லை. கெட்ட கனவு கண்டால் இறைவனிடம் பாதுகாவல் தேடி, இடப்பக்கம் மூன்று தரம் லேசாகத் துப்பி, மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கவேண்டும், ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது என்பது அவர்கள் மார்க்கம். அவர் பேசியது வேறு காட்சியைப் பற்றி. நள்ளிரவில் ஒரு அரங்கு. இங்கே வாத்தியக்குழு இல்லை, எல்லாம் பதிவு செய்தது என்று மேடையில் ஒருவன் சொல்கிறான். பிறகு ஒரு பெண் வந்து ஸ்பானிய மொழியில் உருகிப் பாடுகிறாள். கேட்கிறவர்கள் அழுகிறார்கள். திடீரென்று பாடகி மயங்கி விழுகிறாள். பாட்டு நிற்கவில்லை.

சகோதரி சொன்னார்: "எங்க உம்மா சவூதிக்குப் போய் கடிதம் எழுதமாட்டா, எழுதத் தெரியாது. கசெற்றில பேசி அனுப்புவா. சாப்பிட்டியா மகள் எண்டு கேட்டுப்போட்டு, நான் பதில் சொல்றதுக்குக் கொஞ்ச நேரம் விட்டிருப்பா. உம்மா மௌத்தாகிப் பன்னிரண்டு வருஷம். கசெற் இருக்கு. இப்பவும் அந்த இடத்தில கொஞ்ச நேரம் விடுவா."

அதற்குப் பிறகு யாரும் துப்புக் கொப்பியைத் திறக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு திருக்கடலூர்க்காரர் நின்று விரிப்பைக் கழற்ற உதவி செய்தார். படம் முடிந்தபோது கருத்துக் கேட்டதற்குத் தலையாட்டிவிட்டு இருந்தவர். இதை அவருடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன். "ரீச்சர், அந்தக் கடைக்குள்ள ரெண்டு பேர் கதைக்கேக்க காமெரா ஒரு இடத்தில நிக்கேல்ல பாத்தீங்களே? வள்ளத்தில நிண்டு பிடிச்ச மாதிரி ஏறி இறங்கிக்கொண்டு இருந்தது" என்றார். அடுத்த நாள் போட்டுப் பார்த்தேன். உண்மை. காமெரா மெல்ல மிதக்கிறது, மேலே போய்க் கீழே வருகிறது. இத்தனை தரம் பார்த்த எனக்கு அது படவில்லை.

பிறகு தானாகவே சொன்னார். சுனாமிக்குப் பிறகு ஒரே கனவு வருகிறதாம். கடல் உள்ளே போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது. காய்ந்த தரையில் மீன் துள்ளுகிறது, பாறையெல்லாம் வெளியே தெரிகிறது, நல்ல வெயில், அவர் மட்டும் கரையில் நிற்கிறார். பரிகாரம் எதுவும் என் வாயில் வரவில்லை. பிறகு அலை வருமா என்று மட்டும் கேட்டேன்.

"இல்ல ரீச்சர். அதுதான். வராது. நான் பாத்துக்கொண்டே நிப்பன்."

விரிப்பின் ஒரு தொங்கல் அவர் கையில், மற்றது என் கையில். மடித்து முடித்தோம். வெளியே மழை விட்டிருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

நன்றி. வணக்கம்.