சர் பில்லி பாஸ்டனும் அந்த 3,000 பவுண்டும்

வணக்கம் நேயர்களே. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே பேசும் வழக்கமுடைய நான் இன்று வாரத்தின் நடுவிலேயே கேமராவின் முன் அமர்ந்திருக்கிறேன், ஏனென்றால் வேல்ஸ் நாட்டு ரக்பி வீரர் பில்லி பாஸ்டனுக்கு பிரிட்டனின் ‘சர்’ பட்டம் வழங்கப்பட்டிருக்கிறது. 1895இல் பிறந்த ரக்பி லீக் என்னும் ரக்பி வகையில் ஓர் ஆட்டக்காரர் இப்பட்டம் பெறுவது இதுவே முதல் முறை. எனக்கு மகிழ்ச்சி எவ்வளவோ அவ்வளவு கோபமும் இருக்கிறது, அவருக்கு 90 வயது ஆகும்வரை ஏன் காத்திருந்தார்கள்?

செய்திகள் எல்லாம் அவர் எடுத்த 571 டிரைகளை, அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்து எடுத்தவற்றைப் பற்றியே பேசுகின்றன. எனக்கோ 1953இல் வேல்ஸின் கார்டிஃபில் அவர் வீட்டில் பேசப்பட்ட 3,000 பவுண்டு பணம்தான் மனத்தில் நிற்கிறது. இங்கிலாந்தின் விகன் ஊர் லீக் கிளப்பார் அவரை ஒப்பந்தம் செய்யப் பணத்தோடு வந்தபோது, மகனை அனுப்ப விரும்பாத தாய், இவ்வளவு கேட்டால் திரும்பிப் போய்விடுவார்கள் என்று நினைத்து அந்தத் தொகையைச் சொன்னார். வந்தவர்களோ உடனே சம்மதித்துவிட்டார்கள். அக்காலத்தில் ஒரு பதினெட்டு வயதுப் பையனுக்கு 3,000 பவுண்டு என்பது எவ்வளவு பெரிய தொகை என்பதை எண்ணிப் பாருங்கள். சொன்ன சொல்லைத் திரும்பப் பெற முடியாமல் அந்தத் தாய் நின்ற அந்த நொடியை நான் எத்தனை முறை நினைத்தாலும் என் நெஞ்சு கனக்கிறது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், அதைச் சொல்லாமல் அந்தத் தாயின் தயக்கம் புரியாது. ரக்பியின் இரு வகைகளான யூனியனையும் லீக்கையும் ஒப்பிட்ட என் பழைய காணொளியைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், அன்று யூனியனில் ஊதியம் கிடையாது, பணம் வாங்கிக்கொண்டு லீக்குக்குப் போனவர் திரும்பி வரவே முடியாது. சியரா லியோன் நாட்டுத் தந்தைக்குப் பிறந்த பில்லியின் கனவோ கார்டிஃபுக்கும் வேல்ஸுக்கும் யூனியன் ஆடுவதுதான். ஆனால் சொந்த ஊர் கிளப்பிலிருந்து அவருக்கு அழைப்பு வரவேயில்லை. கருப்பின இளைஞர்களை அன்றைய வேல்ஸ் யூனியன் நடத்திய விதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

விகனுக்கு ஒரு சில ஆட்டங்களே ஆடியிருந்த நிலையில் 1954இல் பிரிட்டன் அணியோடு ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பயணத்திற்குத் தேர்வானார். அப்படிப்பட்ட பயணத்தில் இடம்பெற்ற முதல் வெள்ளையரல்லாதவர் அவரே. 18 ஆட்டங்களில் 36 டிரைகள் எடுத்தார். விங் எனப்படும் ஆடுகள ஓரத்தில் பந்தோடு ஓடும்போது, தடுக்க வருபவர்களைச் சுற்றிப் போகும் வேகமும் இடித்துத் தள்ளும் உடல் வலுவும் ஒருவரிடமே இருந்தன, இது மிக அரிது. பிரிட்டனுக்கு 31 டெஸ்டுகளும் (பிற நாடுகளோடு ஆடும் ஆட்டங்கள்) விகனுக்கு 488 ஆட்டங்களும் ஆடினார்.

1957 உலகக் கோப்பை முடிந்ததும் பிரிட்டன் அணி காட்சி ஆட்டங்களுக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றது. அங்கே நிறவெறிச் சட்டம் இருந்ததால் பில்லி மட்டும் தனியே ஊர் திரும்ப நேர்ந்தது. அவர் இல்லாமல் நாங்கள் வரமாட்டோம் என்று அணி சொல்லியிருக்க வேண்டும். இதை நான் எங்கே வேண்டுமானாலும் உறுதியாகச் சொல்வேன்.

கார்டிஃப் வளைகுடாவில் 2023இல் அவருக்கும் லீக் வீரர்களான கிளைவ் சல்லிவனுக்கும் கஸ் ரிஸ்மனுக்கும் சேர்த்துச் சிலை திறந்தார்கள். அழைக்காமல் விட்ட அதே ஊரில் இப்போது அவர் வெண்கலத்தில் நிற்கிறார்.