சுவரைத் தேடிப் போனால் பள்ளம்தான் கிடைக்கும்

வணக்கம் நண்பர்களே. பிரிட்டனில் ரோமானியர் கட்டிய எல்லைச் சுவர் என்றதும் எல்லோரும் ஹேட்ரியன் சுவரைத்தான் சொல்வார்கள். கல் சுவர், போட்டோவுக்கும் நன்றாக இருக்கும், சரி. நான் பேசப்போவது அதற்கு வடக்கே சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, ஸ்காட்லாந்து இடுப்பு மாதிரி ஒடுங்கும் இடத்தில், ஃபோர்த் கழிமுகத்திலிருந்து கிளைட் ஆறு வரை 60 கிலோமீட்டர் ஓடிய அண்டோனைன் சுவரைப் பற்றி.

அண்டோனைனஸ் பயஸ் பேரரசரானது கி.பி. 138-இல். படை நடத்திய அனுபவம் இல்லாத மனிதர், பதவிக்கு வந்த கையோடு ஒரு வெற்றியைக் காட்ட வேண்டியிருந்தது, அதனால்தான் எல்லையை வடக்கே தள்ளினார் என்று பல வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. கி.பி. 142 வாக்கில் வேலை தொடங்கியது. அடியில் கல் பரப்பி, அதன்மேல் புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை சுமார் 3 மீட்டர் உயரத்துக்கு அடுக்கினார்கள். முன்னால் பெரிய அகழி, பல இடங்களில் 12 மீட்டர் அகலம். இத்தனை பாடுபட்டும் சுமார் 20 ஆண்டுகளில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்!

மண்சுவர் மழையிலும் உழவிலும் கரைந்துவிட்டது. தப்பியது பெரும்பாலும் அகழிதான். ஃபால்கர்க் ஊரில் வாட்லிங் லாட்ஜ் பக்கம் அது கிட்டத்தட்ட பழைய ஆழத்திலேயே இருக்கிறது. க்ராய் குன்றில் கடும்பாறையை உடைத்துத் தோண்டிக்கொண்டே வந்தவர்கள், ஒரு சின்னத் துண்டை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள். உளி தோற்றதோ, ஆட்களுக்கு அலுத்துப்போனதோ! ரஃப் காசில் கோட்டையருகே சுவரே இன்னும் மேடாகத் தெரிகிறது. அகழிக்கு வடக்கே வரிசை வரிசையாகக் குழிகள். உள்ளே கூர் முளை நட்டு, மேலே தழையைப் போட்டு மூடிவைக்கும் பொறி அது. இன்றைய பிரான்சில் இருந்த அலேசியா கோட்டையை முற்றுகையிட்டபோது ஜூலியஸ் சீசர் செய்ததும் இதேதான்.

சுவரில் தங்கள் பங்கைக் கட்டி முடித்த படைகள் கல்வெட்டுப் பலகைகள் வைத்தன. 1868-இல் கிடைத்த பிரிட்ஜ்னெஸ் பலகையில் ஒரு ரோமானியக் குதிரைவீரன் உள்ளூர் ஆட்களை மிதித்துக்கொண்டு போகிறான். இப்படிப்பட்ட பலகைகளுக்கு ஒரு காலத்தில் சிவப்பும் மஞ்சளும் பூசியிருந்ததை ஆய்வில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தக் காலத்து பேனர்தான், வேறென்ன?

நான் பேனரை அவ்வளவாக நம்புவதில்லை, கழிவை நம்புவேன். இந்தச் சுவரின் கோட்டைகளில் ஒன்று இருந்த பேர்ஸ்டன் என்ற இடத்தில் 1973-இல் ரோமானியக் குளியல் கட்டடம் வெளிப்பட்டது. அங்கே கோட்டை அகழியில் கழிப்பறைக் கழிவு சேர்ந்து கிடந்தது. பரிசோதித்துப் பார்த்தால் கோதுமை, பார்லி, ராஸ்பெர்ரி, அத்திப்பழம், நம்ம கொத்தமல்லி, அப்புறம் குடற்புழு முட்டைகள். இறைச்சியைவிடத் தானியமும் காய்கனியும்தான் முக்கியச் சாப்பாடாக இருந்திருக்கிறது. குதிரைமேல் ஈட்டியோடு நிற்கும் அந்த வீரனுக்கும் வயிற்றில் புழு இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு அவன்மேல் கொஞ்சம் பாசமே வருகிறது.

2008-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. பல இடங்களுக்குக் கட்டணமே கிடையாது. போகிறவர்கள் முதலில் கிளாஸ்கோவில் ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் பலகைகளைப் பார்த்துவிட்டு, அப்புறம் ரஃப் காசிலுக்குப் போங்கள். குளிர்காலத்தில் புல் தாழ்ந்து, வெயில் சாய்வாக விழும் நேரத்தில்தான் மேடும் பள்ளமும் நன்றாகத் தெரியும். சேறு கணுக்கால் வரை ஏறும், நல்ல பூட்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.