வால்வைத் திறக்கும் கை

வணக்கம். சொட்டுநீர் போட்ட தோட்டம் இரண்டு மூன்று வருடத்தில் மறுபடி வாய்க்கால் பாசனத்துக்குத் திரும்புவதைப் பல ஊர்களில் பார்க்கலாம். உப்புத் தண்ணீர், எலிக்கடி, குழாயின் தரம் என்று காரணங்கள் சொல்லப்படும். அவையும் உண்டு. ஆனால் அவற்றுக்கு முன்னால் ஒன்று இருக்கிறது. தினமும் மோட்டார் போட்டு வால்வைத் திறப்பவர் வீட்டுப் பெண். ஃபில்டரைக் கழுவக் கற்றுக்கொடுக்கப்பட்டது வீட்டு ஆணுக்கு. அவரோ திருப்பூரில் வேலையில் இருப்பார், அல்லது லாரியில் போயிருப்பார்.

ஏன் இப்படி? மானியம் பட்டாவைப் பார்த்து வருகிறது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 விழுக்காடு, மற்றவர்களுக்கு 75 விழுக்காடு. சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று எல்லாம் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில்தான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் பெண் சாகுபடியாளர்கள் ஏறத்தாழ 14 விழுக்காடுதான். பட்டாக்காரரைப் பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள், பயிற்சி அங்கேயே நின்றுவிடுகிறது.

அந்தப் பயிற்சியில் இருப்பவை சின்ன விஷயங்கள்தான், ஆனால் தினசரி விஷயங்கள். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தமானிகளின் வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 கிலோவை எட்டினால் வலையைக் கழற்றிக் கழுவ வேண்டும். வாரம் ஒருமுறை துணைக்குழாயின் கழுவு வால்வையும், லேட்டரல் (பயிர் வரிசையில் ஓடும் சிறுகுழாய்) முனை மூடிகளை நாலைந்தாகவும் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிட வேண்டும். உரம் விடும்போது முதலில் வெறும் தண்ணீர், பிறகு உரக்கரைசல், கடைசி 15 நிமிடம் மறுபடி வெறும் தண்ணீர். அந்தக் கடைசி 15 நிமிடத்தை விட்டால் குழாயில் தங்கும் உரம் உப்பாகப் படிந்து துளையை அடைக்கும். கால்சியம் நைட்ரேட்டோடு பாஸ்பேட் உரம் சேர்ந்தால் சுண்ணாம்புபோல் திரியும். டிஏபி உரத்தை வெஞ்சுரியில் (உரக்கரைசலைக் குழாய்க்குள் இழுத்துவிடும் கருவி) ஊற்றவே கூடாது. இதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டு, துளை அடைத்த பிறகு "பொம்பளை கையில் கொடுத்தால் இப்படித்தான்" என்பது அநியாயம்.

அடுத்தது வடிவமைப்பு. ஆறடிக்கு ஆறடி வாழை என்றால் ஏக்கருக்கு 1,210 கன்று. மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் கன்றுக்கு இரண்டு வைத்தால் மணிக்கு 9,680 லிட்டர் வேண்டும். கிணறு 5,000 லிட்டர்தான் கொடுக்கும் என்றால் கடைசி வரிசைக்கு அழுத்தமே போகாது. ஏக்கரை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கன்றுக்கு 16 லிட்டர் கொடுக்கப் பாதிக்கு இரண்டு மணி நேரம், நடுவில் ஒருமுறை வால்வு மாற்ற வேண்டும். அந்த வால்வு தோட்டத்தின் கடைக்கோடியில் இருந்தால், சமையலையும் பால் கறப்பதையும் விட்டுவிட்டு யார் நடப்பது? இரண்டு வால்வையும் மோட்டார் கொட்டகைப் பக்கமே வைக்கச் சொல்லுங்கள். கூடுதலாகப் போவது ஒரு வரிசைக் குழாய்தான். வயலில் முட்டியளவு குனிந்து, இறுகிப்போன வால்வைத் திருகும் வேலையும் மிச்சம்.

இன்னொன்றைப் பெண்கள் கேட்பார்கள், வரைபடம் போடுபவர் கேட்க மாட்டார்: மாட்டுத்தொட்டிக்குத் தண்ணீர் எங்கே? அதே ஆழ்துளைக் கிணற்றில்தான் மாடும் வீடும் நம்பியிருக்கும். பிரதான குழாயில் ஃபில்டருக்கும் வெஞ்சுரிக்கும் முன்னால் ஒரு அங்குலக் குழாய் பிரித்து வையுங்கள். வெஞ்சுரிக்குப் பின்னால் பிரித்தால் யூரியா கலந்த தண்ணீர் தொட்டிக்குப் போகும், மாடு செத்தே போகலாம். மின்சாரம் நின்றதும் உரக்கரைசல் கிணற்றுக்குத் திரும்பாமலிருக்க ஒருவழி வால்வும் கட்டாயம்.

சொட்டுநீரால் களை குறைகிறது, உண்மை. வரிசைகளுக்கு இடையே மண் காய்ந்திருப்பதால் சொந்தத் தோட்டப் பெண்ணின் முதுகுக்கு அது விடுதலை. ஆனால் களையெடுத்துப் பிழைக்கும் கூலிப் பெண்களுக்கு அவ்வளவு நாள் வேலை போகிறது. வாழையில் அந்த வேலை திரும்ப வராது. மல்லிகை, காய்கறி போட்டால் பறிப்பு நாட்கள் கூடும், கொஞ்சம் ஈடாகும். இதையும் கணக்கில் வைத்தே பயிரைத் தேர்வு செய்ய வேண்டும் என்பேன்.

பட்டா விஷயத்துக்கு வருகிறேன். 1989-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாடு திருத்தச் சட்டம், அப்போது திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சமபங்கு கொடுத்தது. 2005-ல் மத்தியத் திருத்தம் அதை விரிவாக்கியது. 2020-ல் உச்ச நீதிமன்றம், அந்த உரிமை பிறப்பால் வருவது, 2005-ல் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று தெளிவாக்கியது. கணவர் இறந்து, நிலம் இன்னும் மாமனார் பேரில் இருக்கும் வீடுகளில் வாரிசுச் சான்றும் பட்டா மாறுதலும் முதல் வேலை. கிணற்றுப் பங்கையும் மின் இணைப்பின் பெயரையும் கூடவே மாற்றுங்கள். அது விட்டுப்போனால் நிலம் கிடைத்தும் தண்ணீர் அடுத்தவர் கையில் இருக்கும்.

பட்டா மாற நாளாகும், அதுவரை பாசனம் காத்திருக்காது. விண்ணப்பத்தில் தோட்டத்தில் இருப்பவரின் கைபேசி எண்ணைக் கொடுங்கள். ஒப்படைப்பு நாளில், தினமும் வால்வைத் திறக்கப்போகிற பெண்ணே ஃபில்டரைக் கழற்றி, வலையைக் கழுவி, மாட்டி, அழுத்தமானியைப் படித்துக் காட்டட்டும். மூடியில் ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் தண்ணீர் பீய்ச்சினால், பொருத்த வந்தவர் பக்கத்தில் இருக்கும்போதே பீய்ச்சட்டும். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடலாம்.