சவரச் சவர்க்காரமா, கிறீமா? விடை உங்கள் கிணற்றில் இருக்கிறது!

(திரையில்: ஒரே அளவான இரண்டு கண்ணாடிப் போத்தல்கள்.)

வணக்கம் நேயர்களே. இந்த இரண்டு போத்தல்களிலும் ஒரே சவரச் சவர்க்காரத்திலிருந்து சீவியெடுத்த, ஒரே அளவான துருவல் இருக்கிறது. இடப்பக்கப் போத்தலில், கந்தளாய்க் குளத்திலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்பட்டு நமது திருகோணமலை நகரத்துக்கு வரும் குழாய் நீர். வலப்பக்கத்தில், கடற்கரையை அண்டிய ஒரு வீட்டுக் கிணற்றின் உவர்நீர். இப்போது இரண்டையும் ஒன்றாகக் குலுக்குகிறேன். இடப்பக்கத்தில் விரலளவு உயரத்துக்கு வெண்ணுரை எழுந்து நிற்பதையும், வலப்பக்கத்தில் நுரை எழாமல், திரிந்த பாலில் மிதப்பதைப் போன்ற வெள்ளைத் துணுக்குகள் மிதப்பதையும் நன்றாகப் பாருங்கள். சவர்க்காரம் ஒன்றுதான், நீர்தான் வேறு. “சவர்க்காரம் நல்லதா, கிறீம் நல்லதா?” என்று கேட்பவர்களில் பெரும்பாலானோர் தண்ணீரைக் கணக்கில் எடுப்பதே இல்லை, அதனாலேயே இந்த வீடியோவைத் திருகோணமலைக்காரருக்காகத் தனியாகச் செய்ய விரும்பினேன்.

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: அமெரிக்காவில் வில்லியம்ஸ் நிறுவனம் 1840இல் சவரச் சவர்க்காரம் செய்யத் தொடங்கியது, கிங் காம்ப் ஜில்லெட் 1904இல் மாற்றக்கூடிய பிளேட் பொருத்திய றேசருக்குக் காப்புரிமை பெற்றார், 1919இல் தூரிகை தேவைப்படாத பார்பசோல் கிறீம் வந்தது, நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமுக்கினால் நுரை தரும் தகர டப்பா வந்து தூரிகையையே ஓரங்கட்டியது. அந்த டப்பா நுரையைப் பற்றி இன்று பேசப்போவதில்லை.

சவர்க்காரமும் கிறீமும் அடிப்படையில் ஒரே பொருள்தான். கொழுப்பு அமிலத்தைக் காரத்தோடு சேர்த்தால் சவர்க்காரம் உண்டாகிறது. சோடியம் ஐதரொட்சைட்டைச் சேர்த்தால் அது கட்டியாகும்; பொட்டாசியம் ஐதரொட்சைட்டைச் சேர்த்தால் குழைவாகும். குளியல் சவர்க்காரத்தில் பெரும்பாலும் சோடியமே உண்டு. கட்டியான சவரச் சவர்க்காரத்தில் இரண்டும் கலந்திருக்கும். கிறீமில் பொட்டாசியம் மேலோங்கி, நீரும் கிளிசரினும் கூடுதலாக இருக்கும். ஆகவே கிறீம் என்பது ஏற்கெனவே நீர் ஊட்டப்பட்ட சவர்க்காரம் என்று வைத்துக்கொள்ளலாம். நீர் குறைவாக இருப்பதால் கட்டிச் சவர்க்காரம் நெடுநாள் உழைக்கும். நீர் கூடுதலாக இருப்பதால் கிறீம் விரைவில் நுரைக்கும்.

இப்போது அந்த வலப்பக்கப் போத்தலுக்கு வருவோம், ஏனெனில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

(திரையில்: வெள்ளைத் துணுக்குகள், மிக அருகில்.)

கிணற்று நீரில் கரைந்திருக்கும் கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தின் கொழுப்பு அமிலத்தைப் பற்றிக்கொண்டு, நீரில் கரையாத ஒரு பொருளாக மாறிவிடுகின்றன. நீங்கள் காணும் துணுக்குகள் அவைதான். குளியலறைத் தரையிலும் வாளியின் உட்புறத்திலும் படியும் சாம்பல் நிறப் படலமும் அதுவே. கரைந்திருக்கும் கல்சியமும் மக்னீசியமும் முழுவதும் பிடிபட்டு முடிந்த பின்னரே மிஞ்சிய சவர்க்காரம் நுரைக்கத் தொடங்கும். கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 1.3 கிராம் மக்னீசியமும் 0.4 கிராம் கல்சியமும் உண்டு. எனவே கடல் ஊறிய கிணற்றில் நுரை எழாததற்கு வியப்படைய வேண்டியதில்லை. கடலோர மணற்பாங்கான நிலத்தில் இது கிணற்றுக்குக் கிணறு மாறுபடும் என்பதையும், நீர்மட்டம் இறங்கும் வெயில் மாதங்களில் உவர் கூடும் என்பதையும் நிலாவெளிப் பக்கத்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் கடல்நீரிலும் நுரைக்கும் ஒரு சவர்க்காரம் உண்டு! அது நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயில் செய்யப்படுவது. சவர்க்காரம் காய்ச்சுவோர் கலவையில் உப்பைக் கொட்டிச் சவர்க்காரத்தை நீரிலிருந்து பிரித்தெடுப்பார்கள். மற்ற எண்ணெய்களின் சவர்க்காரம் அந்த உப்புக்கு எளிதில் பிரிந்துவிடும், தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரமோ மிக அதிகமான உப்பைக் கொட்டினாலன்றிப் பிரியாது. காரணம், தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம். அதன் மூலக்கூறு குறுகியது, உப்புநீரிலும் கரைந்து நிற்கக்கூடியது. நன்னீரைச் சிக்கனமாகச் செலவிட வேண்டிய கப்பல்களில் மாலுமிகள் கடல்நீரில் குளிப்பதற்கு இந்தச் சவர்க்காரமே கைகொடுத்தது. ஆங்கிலேயர் அதைக் கடற்சவர்க்காரம் என்ற பொருள்படவே அழைத்தார்கள். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றின் கரையில் வாழ்ந்துகொண்டு, முற்றத்திலே தென்னையையும் வைத்துக்கொண்டு, இதை நாம் அறியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே மனக்குறையாக இருக்கிறது.

அப்படியானால் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரத்தாலேயே முகம் வழிக்கலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம். லோரிக் அமிலம் தருவது பெரிய குமிழிகளை. அவை விரைவில் எழுந்து விரைவில் உடையும், சருமத்தையும் வறட்டிவிடும். பிளேடுக்கும் தோலுக்கும் இடையே நின்று தாங்குவது ஸ்டியரிக் அமிலம் என்னும் இன்னொரு கொழுப்பு அமிலம் தரும் அடர்த்தியான, குமிழி கண்ணுக்குத் தெரியாத நுரை. தேங்காய் எண்ணெயில் அந்த அமிலம் மிகச் சிறிதளவே உண்டு. நல்ல சவரச் சவர்க்காரத்தில் ஸ்டியரிக் அமிலம் முதலிடத்திலும் தேங்காய் எண்ணெய் துணையாகவும் இருக்கும். வாங்கும்போது உள்ளடக்கப் பட்டியலின் முதல் இரண்டு மூன்று பெயர்களைப் பாருங்கள்.

பட்டியலைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். “டாலோவேட்” என்று முடியும் பெயர் இருந்தால் அது விலங்குக் கொழுப்பு, பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு. “பாமேட்” செம்பனை எண்ணெய், “கோகோவேட்” தேங்காய் எண்ணெய். ஸ்டியரிக் அமிலம் தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம்; ஆகவே தாவர எண்ணெய் மட்டும் என்றோ ஹலால் என்றோ உறையில் தெளிவாக இருப்பதைத் தேடுவதே நல்லது. தூரிகையிலும் இதே கவனம் தேவை, ஏனெனில் மலிவான இயற்கை முடித் தூரிகைகள் பல பன்றி முடியால் ஆனவை. சைவரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் நமது ஊரில், ஒரு தூரிகையைப் பரிசாகக் கொடுப்பதற்கு முன் இதைப் பார்ப்பது மரியாதை. செயற்கை இழைத் தூரிகை இந்தக் கேள்வியையே நீக்கிவிடுகிறது. மார்கழி மழைக்காலத்திலும் விரைவாகக் காய்ந்து பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கிறது.

சரி, எதை வாங்குவது? என் தீர்ப்பு இது. குழாய் நீர் உள்ளவர்கள் தயங்காமல் கட்டிச் சவர்க்காரத்துக்குப் போங்கள். அதன் நுரையின் அடர்த்தியும் வழுக்கும் தன்மையும் நல்ல கிறீமுக்குச் சற்றும் குறைந்ததல்ல, செலவும் குறைவு. உவர்க்கிணறு மட்டுமே உள்ளவர்களுக்கும், புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் டியூபில் வரும் கிறீம் எளிது. ஒரு புளியங்கொட்டை அளவு போதும். பல கிறீம்களில் ஈ.டி.டி.ஏ. என்னும் பொருள் சேர்க்கப்பட்டிருக்கும். அது கல்சியத்தை முந்திச்சென்று பற்றிக்கொள்வதால் நுரை ஓரளவு காப்பாற்றப்படுகிறது.

ஆனால் உவர்க்கிணற்றுக்காரர்களே, நீங்களும் சவர்க்காரத்தை விட்டுவிட வேண்டியதில்லை. நுரை கட்டுவதற்கு அரைக் கோப்பை நீர்கூடத் தேவைப்படாது. மழைநீரையோ, கடையில் வாங்கும் காய்ச்சி வடித்த நீரையோ ஒரு சிறு போத்தலில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முகத்தை நனைப்பதற்கும் இறுதியில் கழுவுவதற்கும் கிணற்று நீரே போதும். நீரைக் கொதிக்கவைத்தால், கல்சியமும் மக்னீசியமும் நீருக்குத் தரும் கடினத்தன்மையில் ஒருவகை மட்டும் நீங்கும். கடல் உப்பு அப்படியே இருக்கும், ஆவியாகும் அளவுக்கு இன்னும் செறிவாகும். தேசிக்காய்ச் சாறு சேர்த்தால் நீர் மென்மையாகும் என்று சிலர் சொல்வதைக் கேட்டு நுரையில் பிழிந்துவிடாதீர்கள். அமிலம் பட்டதும் சவர்க்காரம் மீண்டும் கொழுப்பு அமிலமாகப் பிரிந்து நுரை படுத்துவிடும்.

வைகாசி தொடங்கிப் புரட்டாதிவரை கச்சான் காற்று வீசும் நாள்களில், ஒரு கன்னத்தை வழித்து முடிப்பதற்குள் மறு கன்னத்து நுரை காய்ந்து விரிசல் விடும். அப்போது மேலும் சவர்க்காரம் பூசாதீர்கள். தூரிகை நுனியை மட்டும் நீரில் தொட்டு மீண்டும் சுழற்றுங்கள், உயிர் வந்துவிடும். முதலில் தாடியை இரண்டு மூன்று நிமிடம் நனைத்து ஊறவிடுவதும் கட்டாயம். நீர் ஏறிய முடியை அறுக்கப் பிளேடுக்குத் தேவைப்படும் விசை வெகுவாகக் குறைகிறது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் உடலுக்கு இதமாக உணரும் அந்தச் சூடு இருந்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

(திரையில்: காலிப் போத்தல், துருவல், மூடி.)

இந்தப் போத்தல் சோதனையை இன்றே உங்கள் வீட்டு நீரில் செய்து பாருங்கள். நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர், சாம்பல்தீவு என்று ஊரின் பெயரையும், கிணற்று நீரா குழாய் நீரா என்பதையும், நுரை எழுந்ததா துணுக்கு மிதந்ததா என்பதையும் கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். போதிய பதில்கள் சேர்ந்தால், எந்தப் பகுதிக்கு எந்தச் சவர்க்காரம் பொருந்துகிறது என்று ஒரு வரைபடமே தயாரித்து அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.