காசெல்லாம் எங்க போச்சுன்னு கேக்கறீங்களா? | அரூர் பக்கம் எங்க பழைய ஓட்டு வீடு

வணக்கம்ங்க எல்லாருக்கும். போன வீடியோ பாத்துட்டு நிறைய பேரு ஒரே கேள்விதான் கேட்டிருந்தீங்க. "அக்கா, இத்தனை மாசமா வேலை நடக்குதுன்றீங்க, வீடு பாக்க அப்பிடியேதான இருக்குது?" அப்பிடின்னு. எங்க அத்தையும் இதையேதான் கேக்கறாங்க. நீங்க கமெண்ட்டுல கேக்கறீங்க, அவங்க சோறு போட்டுக்கினே கேக்கறாங்க, அவ்ளோதான் வித்தியாசம். சரி, இன்னிக்கு காசு எங்கெங்க போச்சுன்னு ஒவ்வொரு இடமா நின்னு காட்டிடறேன்.

புதுசா வர்றவங்களுக்கு சுருக்கமா. நம்மளது தருமபுரி மாவட்டம், அரூர்ல இருந்து தீர்த்தமலை போற பக்கம். ஊரு பேரு சொல்ல மாட்டேன், சொன்னா ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துக்கினு வந்துருவீங்க, டீ போட்டுக் குடுக்க எனக்கு இப்போதைக்கு சமையக்கட்டே இல்ல. கருங்கல்லும் செம்மண் சேறும் வெச்சுக் கட்டின செவுரு, ஒன்றரை அடி கனம். மேல மங்களூர் ஓடு. முன்னால திண்ணை, அப்புறம் கூடம், ரெண்டு ரூமு, பின்னால சமையக்கட்டு. சொந்தக்காரங்க பெங்களூரு, திருப்பூருன்னு பொழைப்பைத் தேடிப் போயிட்டாங்க. வருசக்கணக்கா பூட்டியே கெடந்துச்சு. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் கரையேறி, வலுவிழந்து டிசம்பர் ஆரம்பத்துல நம்ம பக்கமா வந்துச்சே, ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர், அரூர்ல 33 சென்டிமீட்டர்னு கொட்டித் தீத்துச்சே, அந்த மழையிலதான் பின்பக்கத்துக் கூரை உள்ள எறங்கிருச்சு. அதுக்கப்புறந்தான் அவங்களுக்கு வித்துரலாம்னே தோணுச்சு.

வாங்கின கதையில ஒன்னே ஒன்னு சொல்லிட்டுப் போறேன், ஏன்னா இது உங்களுக்கு உபயோகப்படும். பூட்டிக் கெடக்கற வீடு மலிவா வருதுன்னா, மொதல்ல செவுத்தைப் பாக்காதீங்க, வாரிசைப் பாருங்க. தாத்தா பேருல நத்தம் பட்டா, அதான் ஊருக்குள்ள குடியிருப்பு மனைக்குக் குடுக்கற பட்டா, இருக்கும், கீழ அஞ்சாறு பேரு இருப்பாங்க, கல்யாணமாயிப் போன பொண்ணுங்களும் அதுல சேத்திதான். ஒருத்தரு கையெழுத்து போடலைன்னாலும் பின்னாடி வில்லங்கம். நாங்க அத்தனை பேரும் வந்து கையெழுத்துப் போடற வரைக்கும் காத்துக்கினு இருந்துதான் பதிஞ்சோம். பத்திரம் என் பேருலதான். எங்க வூட்டுக்காரருக்கு என் மேல பாசம் பொங்கிருச்சுன்னு நெனச்சுக்காதீங்க. 2025 ஏப்ரல் 1ல இருந்து, 10 லட்சம் வரைக்கும் மதிப்புள்ள சொத்தை பொம்பளைங்க பேருல பதிஞ்சா பதிவுக் கட்டணம் 2 சதவீதத்துல 1 கொறையுது. முத்திரைத்தாள் 7 சதவீதம் அப்பிடியேதான். அந்த ஒரு சதவீதத்துக்காகத்தான் நான் வூட்டுக்காரியா ஆனேன்.

இப்ப மேல பாருங்க. தெரியுதா? ஓடு. அதே பழைய ஓடு. இங்கதான் மொத சண்டை.

எங்க வூட்டுக்காரரு மெக்கானிக்கு, அரூர்ல ஷெட்டு வெச்சிருக்காரு. அவருக்கு எல்லாமே இரும்புதான். "ஓட்டைப் பிரிச்சு எறிஞ்சுட்டு டிரஸ், அதான் கூரையைத் தாங்கற இரும்புச் சட்டம், அடிச்சு தகர ஷீட்டு போட்டா ஒரே வாரத்துல வேலை முடிஞ்சுது, நாம பாட்டுக்கு குடி வந்துரலாம்"ன்னாரு. ஏப்ரல் மாசத்துல தகர ஷீட்டுக்குக் கீழ மத்தியானம் ரெண்டு மணிக்கு உக்காந்து பாத்திருக்கீங்களா? அவரு ஷெட்டுலயே அதான் கூரை. அங்க ஃபேனைப் போட்டா சூடான காத்தைத்தான் சுத்தி விடுது. நான் ஒத்துக்கவே இல்ல. கடைசியில மேஸ்திரிதான் பஞ்சாயத்து பண்ணாரு. ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கினு சாரத்து மேல ஏறி ஒவ்வொரு மரமா குத்திப் பாத்தாரு. நல்ல மரம்னா நுனிதான் எறங்கும். கறையான் தின்ன மரம்னா பாதி வரைக்கும் சத்தமில்லாம உள்ள போவும். கூடத்து மேல இருக்கற வேம்பு உத்திரம் அசையவே இல்ல. கைமரம்லாம், அதான் கூரைக்குச் சரிவா போற மரம், பனை, வைரம் பாஞ்சது, அதுல சிலதுதான் போச்சு. ஓடு உக்கார்ற மெல்லிசு சட்டம், ரீப்பரு, அது மட்டும் மொத்தமா காலி, அத்தனையும் புதுசா மாத்தினோம். பின்னால விழுந்த சமையக்கட்டுக்கு மட்டும் எங்க வூட்டுக்காரரு ஆசைப்படி இரும்பு பைப்புல டிரஸ், ஆனா அதுக்கு மேலயும் ஓடுதான். இதுல யாரு ஜெயிச்சாங்கன்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியல.

ஓட்டை எறக்கறதுதான் பொறுமையான வேலை. ஒவ்வொன்னா எறக்கி, தேங்கா நாரு வெச்சு பாசியைத் தேச்சுக் கழுவி, படுக்க வெக்காம நிமித்தி அடுக்கணும். அப்புறம் விரல் முட்டியால தட்டிப் பாக்கணும். 'டங்'குன்னு வந்தா நல்ல ஓடு, 'டொப்'புன்னா உள்ள கீறல் விட்டிருக்குது. இது நானும் எங்க அத்தையும் பண்ண வேலை. ஒடைஞ்சதுக்குப் பதிலா புது ஓடு வாங்கினா அளவு ஒத்து வராது, ஒரு ஓடு இன்னொன்னோட மாட்டிக்கற பள்ளம் இருக்குதே, அந்தக் காடியில உக்காராது. அதனால பழைய வீடு இடிக்கற எடத்துல இருந்து அதே கம்பெனி முத்திரை இருக்கற ஓடாப் பாத்து வாங்கினோம். மங்களூருல பாசல் மிஷன்காரங்க 1865ல ஆரம்பிச்ச ஓட்டுத் தொழிலுங்க இது, அதைப் பாத்து வந்த கம்பெனிங்க ஏராளம், ஒவ்வொன்னுக்கும் காடி அளவு கொஞ்சம் மாறும். ஒன்னை ஒன்னோட கலந்தா மழை உள்ள வரும். மரத்துக்குப் பூச வேஸ்ட் ஆயிலு ஷெட்டுல இருந்தே வந்துச்சு. இந்த வீட்டு வேலையில எங்களுக்கு ஓசியில கெடைச்சது அது ஒன்னுதான்.

அடுத்தது, வாங்க, வெளிய வாங்க. இந்தப் பள்ளம் தெரியுதா? செவுத்தைச் சுத்தி தோண்டியிருக்கோம். இதுக்கும் நல்ல செலவு. வந்து பாக்கறவங்க கண்ணுக்கு மட்டும் தெரியவே தெரியாது.

கணக்கு சொல்றேன் பாருங்க. எங்க கூரை சுமாரா 800 சதுரடி. அரூர்ல பெஞ்ச அந்த 33 சென்டிமீட்டர் மழை இந்தக் கூரை மேல விழுந்துச்சுன்னா அது 24,000 லிட்டருக்கு மேல ஆவுது. ரெண்டு லாரித் தண்ணி! அத்தனையும் எறவானத்துல வழிஞ்சு செவுத்தோட காலடியிலயே விழுந்திருக்குது. மண் சேறுல கட்டின செவுரு அது. அதோட, முன்னால ரோட்டைப் பாருங்க. வீட்டைக் கட்டும்போது படியேறித்தான் திண்ணைக்கு வரணுமாம். இப்ப ரோடும் திண்ணையும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். பழைய ரோட்டைச் சொரண்டாம மேல மேல போட்டுக்கினே வந்தா வேற எப்பிடி இருக்கும்? மட்டத்தை ஏத்தக் கூடாது, சொரண்டிட்டுத்தான் போடணும்னு 2021லயே அரசாங்க உத்தரவு இருக்குது. உத்தரவுக்கு முன்னாடி ஏறினது ஏறினதுதான, அதை யாரு எறக்கறது? அதனால நாங்க எங்க பக்கம் மண்ணை வெட்டி எறக்கி, செவுத்தை விட்டுத் தள்ளி ஓடற மாதிரி சரிவு குடுத்து, பின்னால ஒரு மழைநீர் தொட்டியில கொண்டு போயி விட்டுட்டோம். நம்ம மாவட்டத்துல போர் தண்ணியில ஃபுளோரைடு எவ்ளோன்னு உங்களுக்கே தெரியும், அதுக்குத்தான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே வந்துச்சு. கூரைத் தண்ணியை வெளிய விட்டுட்டு போர் போடறதுக்கு எனக்கு மனசு வரல.

சரி, இப்ப செவுரு. இத்தனை மாசம் ஏன் ஆச்சுன்றதுக்கு பதில் இங்கதான் இருக்குது.

முன்ன இருந்தவங்க, நல்லா இருக்கட்டும்னு நெனச்சுத்தான் பண்ணியிருப்பாங்க, மண் செவுத்து மேல உள்ளயும் வெளியயும் சிமெண்டு பூசிட்டாங்க. தரையில இருந்து ஓதம், அதான் ஈரக்கசிவு, மேல ஏறும். மண் செவுருன்னா அது பாட்டுக்கு வெளிய காஞ்சுடும். சிமெண்டு அதை விடாது. உள்ளயே தண்ணி நின்னு, உப்பு பூத்து, பூச்சு புடைச்சுக்கினு வந்திருந்துச்சு. தட்டினா பொத்துன்னு விழுது, பின்னாடி கையை வெச்சா ஈரம். எங்க மேஸ்திரி எழுபதைத் தாண்டின பெரியவரு. பாத்த ஒடனே சொன்னாரு: "ஏம்மா, இந்த செவுத்துக்கு சிமெண்ட் ஆவாது. சுண்ணாம்புதான். ஆனா நீ அவசரப்படாம இருக்கணும்." அவரு சொன்னது என்னைப் பாத்து, ஆனா அது எங்க வூட்டுக்காரருக்கு.

பூச்சு முழுக்க கொத்தி எடுத்தோம். எடுத்துட்டு சும்மா விட்டோம். ஆமா, சும்மாதான். சன்னலு கதவெல்லாம் தொறந்து வெச்சு, செவுரு காயட்டும்னு விட்டோம். பங்குனி சித்திரை வெயிலு அதுக்குத்தான் ஆச்சு. அந்த சமயத்துலதான் நீங்கள்லாம் "வேலை நின்னு போச்சா அக்கா?"ன்னு கேட்டீங்க. சொந்தக்காரங்க வேற, "காசு தீந்து போச்சு போல"ன்னு பேசிக்கினாங்க. ஒரு செவுரு காயறதை வீடியோவா போட்டா யாரு பாப்பீங்க, சொல்லுங்க?

காஞ்சப்புறம் கல்லுக்கு நடுவுல சந்தெல்லாம் மண்ணும் சுண்ணாம்பும் கலந்து அடைச்சு, அப்புறம்தான் பூச்சு. கல்லு சுண்ணாம்பை வாங்கி தொட்டியில போட்டு தண்ணி ஊத்தினா புகை கெளம்பி கொதிக்கும், சின்னப் பசங்களை கிட்டயே விடாதீங்க. நல்லா ஊறி வெண்ணெய் பதத்துக்கு வந்தப்புறம் ஒரு பங்குக்கு மூணு பங்கு மணல். நாட்டு மருந்துக் கடையில கடுக்கா வாங்கி இடிச்சு, வெல்லத்தோட தண்ணியில ஊறப் போட்டு, அந்தத் தண்ணியிலதான் குழைக்கறது. போன தடவை ஒருத்தரு கேட்டிருந்தாரு, வெல்லம் போட்டா எறும்பு வராதான்னு. மேஸ்திரிகிட்ட கேட்டேன். "சுண்ணாம்பைத் தின்னுட்டு எந்த எறும்பும்மா ஊருக்குத் திரும்பும்?"னாரு. கையில உறை போடாம தொட்டா தோலு வெடிச்சுரும், எனக்கு வெடிச்சுது பாருங்க இங்க. கண்ணுல பட்டா நல்ல தண்ணியில நேரம் எடுத்து கழுவிட்டு நேரா டாக்டருகிட்ட போயிடுங்க, அதுல வெளையாட்டு வேணாம். சிமெண்டு மாதிரி மறுநாளே இறுகாது. காத்துல இருக்கற கரியமில வாயுவை இழுத்துத்தான் கொஞ்சம் கொஞ்சமா கல்லாவும். அதுவரைக்கும் ஈரம் காட்டிக்கினே இருக்கணும்.

தரைக்கு டைல்ஸ் போடல. அத்தைக்கு வருத்தம்தான். ஓதம் இருக்கற தரையை டைல்ஸ் போட்டு மூடினா, அந்த ஈரம் செவுத்துலதான் ஏறும். பழைய காவித் தரையை தேச்சு விட்டாச்சு. கரண்டு வேலை: பழைய ஒயரிங்ல எர்த்தே இல்ல, மொத்தமா புடுங்கிட்டு புதுசு. கரண்டு கசிஞ்சா ஒடனே ஆஃப் ஆவற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் போட்டிருக்கோம். ஒயரு போற பைப்பெல்லாம் செவுத்து மேலயேதான் போவுது, மண் செவுத்தைக் காடி எடுத்து ஒடைக்கல.

இன்னொரு கேள்வி நிறைய வந்துச்சு, ஊரக வீடுகள் பழுது பாக்கற திட்டத்துல பணம் வாங்கலாமேன்னு. அது அரசாங்கத் திட்டத்துல முன்னாடி கட்டிக் குடுத்த வீடுங்களுக்குங்க. எங்களது அதுல வராது. உங்களது அந்த மாதிரி வீடுன்னா பஞ்சாயத்து ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க.

புருசன் பொண்டாட்டியா சேந்து வீட்டு வேலை பாக்கறது எப்பிடின்னு கேட்டவங்களுக்கு: மேஸ்திரி முன்னாடி சண்டை போடாதீங்க. ஆரம்பத்துல நாங்க கூடத்துல நின்னு கத்திக்கினு இருந்தப்ப, அவரு கரணையைக் கழுவி பையில போட்டுக்கினு, "ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டு போன் பண்ணுங்க"ன்னு சைக்கிள்ல ஏறிட்டாரு. சித்தாளுங்களும் பின்னாடியே போயிட்டாங்க. வேலை நின்னாலும் அன்னிக்குக் கூலியைக் குடுத்துத்தான ஆவணும்? அதுல இருந்து ஒரு ஏற்பாடு. அன்னிக்கு யாரு வேலை எடத்துல நிக்கறாங்களோ அவங்க சொல்றதுதான். மத்தவங்க ராத்திரி சாப்பிட்டப்புறம் எவ்ளோ வேணும்னாலும் திட்டிக்கலாம். பகல்ல நிக்கறது பெரும்பாலும் நான்தான், அவரு ஷெட்டுல இருப்பாரு. இந்த ஏற்பாடு யாருக்கு சாதகம்னு அவருக்கு லேட்டாத்தான் புரிஞ்சுது.

இப்ப நடக்கற சண்டை இந்தத் திண்ணையைப் பத்தி. பாதித் திண்ணையை இடிச்சு சரிவா போட்டா வண்டியை உள்ள ஏத்திரலாம்ன்றாரு. ராத்திரி வெளிய நிறுத்தினா அவருக்குத் தூக்கம் வராதாம். வண்டிக்கு உள்ள எடம் வேணும்ன்றதுல தப்பில்ல, ஆனா திண்ணைதான் மழை தெறிச்சு செவுத்தோட அடியில படாம காக்குது. அதை இடிச்சா, சுத்திப் பள்ளம் தோண்டினது, சரிவு குடுத்தது, சுண்ணாம்பு பூசினது எல்லாத்தையும் அந்த ஒரு எடத்துல விட்டுக் குடுத்த மாதிரி. மேஸ்திரியும் என் கட்சி. எங்க வூட்டுக்காரருதான் இன்னும் ஒத்துக்கல. அடுத்த வாரம் எறவானத்துல தண்ணி புடிக்கற தகரம் மாட்டறாங்க, அதைக் காட்டறேன். வண்டியை வேற எங்க நிறுத்தலாம்னு யோசனை இருந்தா கமெண்ட்டுல போடுங்க. திண்ணையை இடிக்கச் சொல்லி வர்ற கமெண்ட்டை மட்டும் நான் அவருக்குப் படிச்சுக் காட்ட மாட்டேன்.